அருகில் இருக்கும் அந்நியம்

சென்னையிலிருந்து டோக்கியோவுக்குப் படிக்கப் போகிறவர் மனத்தைக் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார். பேச்சு புரியாது, சாப்பாடு பிடிபடாது, எதைச் செய்தாலும் ஏதோ ஒரு தப்பு வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். பினாங்குத் தீவின் கெலுகோருக்குப் போகிறவர் அப்படிப் போவதில்லை. அங்கே தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை விடுகிறார்கள். தெருவில் தமிழ் காதில் விழுகிறது. கடையில் ‘அண்ணே’ என்றால் பரிமாறுகிறவர் திரும்பிப் பார்க்கிறார். அப்படிக் கூப்பிட்டவர் சில சமயம் சீனராகவும் இருக்கிறார். ‘வெளிநாடு மாதிரியே தெரியலைம்மா’ என்பதுதான் முதல் வாரம் வீட்டுக்குப் போகும் தகவல். நான்கைந்து மாதம் கழித்து அதே வாயிலிருந்து வருவது வேறு: ‘இங்க ஆளுங்க ஒரு மாதிரி.’

அந்த ‘ஒரு மாதிரி’ எப்படி உண்டாகிறது என்று கேட்டால் உளவியலுக்குச் சொல்வதற்கு நிறையவே இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கக் கெலுகோரைவிடத் தோதான இடமும் குறைவு. ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே, 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலம் தீவைத் தொடும் இடத்தில் இருக்கிறது இந்தப் பகுதி. ஆங்கிலேயர் காலத்து மிண்டன் படைமுகாம் இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகம். பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கப்பட்டது. தென்கிழக்காசிய நாடுகளின் ஆசிரியர்கள் அறிவியலும் கணிதமும் கற்பிக்கப் பயிற்சி பெறும் ரெக்சாம் மையமும் இங்கேதான். இந்தோனேசியா, சீனா, மேற்காசியா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று பல திசைகளிலிருந்து வந்தவர்கள் மூன்று இனத்தார் வாழும் ஓர் ஊரில் வந்து கலக்கிறார்கள். புரியாமை முளைக்க வேண்டிய எல்லா வசதியும் இருக்கிறது.

புதிய நாட்டில் வரும் தடுமாற்றத்துக்கு ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்ற பெயரைப் பரப்பியவர் மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் பெண்கள் சங்கம் ஒன்றில் அதைப் பற்றிப் பேசினார். 1960இல் அது கட்டுரையாக அச்சேறியது. முதலில் தேனிலவு, பிறகு எரிச்சல், பிறகு மெல்லத் தேறுதல், கடைசியில் பழகிப்போதல் என்று காய்ச்சலின் போக்கைச் சொல்வதுபோல் அவர் படிகளைச் சொன்னார். 1955இல் வெளிவந்த ஆய்வுக்காக நார்வேயின் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று திரும்பிய 200 நார்வேக்காரர்களைக் கேட்டார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். நடுவே இருந்தவர்கள்தான் அவதிப்பட்டிருந்தார்கள். ஆங்கில ‘யு’ எழுத்துப் போன்ற அந்த வளைகோடு பாடநூல்களில் ஏறியது, இன்றுவரை புதிய மாணவர் வரவேற்புக் கூட்டங்களில் திரையில் காட்டப்படுகிறது.

அதில் ஒரு கோளாறு. லிஸ்கார்ட் ஒரே ஆளைத் தொடர்ந்து கவனிக்கவில்லை. வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு ஆட்களைத் திரும்பி வந்தபின் கேட்டார். உளவியலாளர் கொலீன் வார்டும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களை வந்த முதல் நாளிலிருந்தே ஒரு வருடம் தொடர்ந்தார்கள். 1998இல் வெளிவந்த அந்த ஆய்வில் தேனிலவே தென்படவில்லை. வந்து இறங்கிய வேளைதான் மிக மோசமாக இருந்தது, அதன்பிறகு தேறினார்கள். தேனிலவு என்பது திரும்பி வந்தவர்களின் நினைவு தந்த அலங்காரமாகக்கூட இருந்திருக்கலாம்.

வார்டின் ஆய்வுகளில் மலேசியர்களுக்குத் தனி இடம் உண்டு. நியூசிலாந்தில் படித்த மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களை ஆராய்ந்தபோதுதான், 1990இல், வெளிநாட்டில் ஒத்துப்போவது ஒரே காரியமில்லை, இரண்டு என்று அவரும் வெண்டி சேர்லும் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று நடைமுறை: பேருந்தில் எப்படி ஏறுவது, பேராசிரியரை எப்படி அழைப்பது, கடையில் எப்படிக் கேட்பது. இன்னொன்று மனம்: சோர்வு, தனிமை, நிறைவு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டாலும் வெவ்வேறு காரணங்களால் இயங்குகின்றன. பண்பாட்டுத் தூரம் கூடக்கூட நடைமுறைச் சிக்கல் கூடுகிறது. மனம் எப்படி இருக்கிறது என்பதையோ, உள்ளூர்க்காரர்களோடு கிடைக்கும் உறவு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்பது பெரிதும் தீர்மானிக்கிறது.

அடுத்த அடி இன்னும் சுவையானது. பக்கத்திலிருக்கும் சிங்கப்பூருக்குப் படிக்கப் போன மலேசிய மாணவர்களையும், தொலைவிலிருக்கும் நியூசிலாந்துக்குப் போனவர்களையும் வார்டும் ஆன்டனி கென்னடியும் 1993இல் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூருக்குப் போனவர்களுக்கு நடைமுறைத் தடுமாற்றம் குறைவு, எதிர்பார்த்தபடியே. ஆனால் மனநிலையில் அவர்கள் மேலாக இல்லை. அருகாமை பேருந்தில் ஏறச் சொல்லித் தந்தது. மனத்துக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

வணிக உலகில் இதே விஷயம் பணத்தோடு விளையாடியது. கனடாவின் சில்லறை வணிக நிறுவனங்கள் அமெரிக்காவில் கடை திறப்பதை வெளிநாட்டு வேலையாகவே எண்ணவில்லை. அதே மொழி, அதே தொலைக்காட்சி, கார் ஓட்டிப் போகும் தூரம். ஷோனா ஓ’கிரேடியும் ஹென்றி லேனும் 1996இல் கணக்கெடுத்தபோது, அப்படிப் போன 32 நிறுவனங்களில் 7தான் வெற்றிகரமாக நடந்துகொண்டிருந்தன. ஒத்த நாடு என்ற நினைப்பில் எதையும் விசாரிக்காமல் போனதுதான் கவிழ்த்தது என்பது அவர்கள் முடிவு. ஹாங்காங்கிலிருந்து சீனப் பெருநிலத்துக்கு அனுப்பப்பட்ட சீன மேலாளர்களைப் பற்றி யான் செல்மர் தொண்ணூறுகளின் இறுதியில் எழுதியதும் இதே கதைதான். சீனர்கள்தானே, சொந்த மண்தானே என்று போனவர்களுக்குக் கோபமும் ஏமாற்றமும் மிஞ்சின.

காரணத்தை மூளையிலேயே தேடலாம். மூளை அடுத்து வரப்போவதை ஓயாமல் ஊகித்துக்கொண்டிருக்கிறது. ‘வாழையிலையில் சோறு போட்டு அதன்மேல் செருப்பை ஊற்றினார்’ என்ற வாக்கியத்தைப் படிக்கிறவரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தியிருந்தால், ‘செருப்பை’ என்ற சொல் கண்ணில் பட்டுச் சுமார் 400 மில்லிநொடியில் ஓர் எதிர்மின் அலை எழுவதைப் பார்க்கலாம். மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் கண்டறிந்த அலை இது, என்400 என்பார்கள். பொருந்தாத சொல்லுக்கு மட்டுமல்லாமல் பொருந்தாத நடத்தைக்கும் இந்த அலை எழுகிறதா என்று ஷிஹுய் ஹான், மிஷெல் கெல்ஃபாண்ட் முதலியோர் 2015இல் சோதித்தார்கள். நடன வகுப்பில் ஒருத்தி ஆடுகிறாள் என்றால் ஒன்றுமில்லை. அருங்காட்சியகத்தில் ஆடுகிறாள் என்றால் அலை எழுகிறது. அமெரிக்கர், சீனர் இருவரிடமும் எழுந்தது. சீனர்களிடம் மூளையின் முன்பகுதியிலும் பக்கப்பகுதியிலும் கூடுதலாகத் தெரிந்தது. சமூக விதி மீறப்படும்போது நம் உடம்பு, நாம் அதைப் பற்றி ஓர் எண்ணம் கொள்ளும் முன்பே, அரை நொடிக்குள் துணுக்குறுகிறது.

இங்கிருந்து நான் ஒரு படி தாண்டிப் போகிறேன். ஆய்வகத்தில் மெய்ப்பித்த விஷயமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊகமே இல்லாத இடத்தில் ஊகம் பொய்ப்பதில்லை. டோக்கியோவுக்குப் போனவர் ஒன்றையும் எதிர்பார்க்காததால் எதைப் பார்த்தாலும் கவனிக்கிறார், விசாரிக்கிறார். கெலுகோருக்குப் போனவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்தவராகப் போகிறார். அவர் ஊகங்களில் பத்தில் எட்டு சரியாகவே இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், சரி. வலக்கையால் கொடுத்து வாங்குகிறார்கள், சரி. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சரி. இந்த எட்டும் சேர்ந்து மீதி இரண்டின்மேலும் நம்பிக்கையை ஏற்றிவிடுகின்றன. அந்த இரண்டில்தான் அடி விழுகிறது.

சாப்பாட்டில் தொடங்குவோம். சைவக்காரர் ஒருவர் கோப்பிக் கடையில் இறைச்சி வேண்டாம், வெறும் கீரை போதும் என்று விளக்கமாகச் சொல்கிறார். வருகிறது காங்கோங் கீரை வதக்கல், மேலே பெலாச்சான் மணக்க. பெலாச்சான் என்பது இறாலைப் புளிக்கவைத்து அரைத்த விழுது. ஏமாற்றிவிட்டார்கள் என்று இவர் கொதிக்கிறார். சமைத்தவரோ சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். அவர் கணக்கில் பெலாச்சான் உப்பு, மிளகாய் மாதிரி ஒரு சுவைப்பொருள். அதே கடைவீதியில் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழா நடக்கும் ஒன்பது நாளும் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் கிடைப்பது நம் சைவத்தைவிடக் கடுமையான சைவம், பூண்டும் வெங்காயமும்கூட இராது. நவராத்திரியை ஒட்டியே பெரும்பாலும் அது வருகிறது. இரண்டு சைவமும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்க, ஒன்றுக்கு மற்றதன் இலக்கணம் தெரிவதில்லை.

உண்மையில் வலிப்பது சாப்பாடு இல்லை. தமிழருக்கும் தமிழருக்கும் நடுவில் நடப்பதுதான் வலிக்கும். புதிதாக வந்தவர் மலேசியத் தமிழரிடம் நட்பாக, ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பார். ‘தைப்பிங்’ என்று பதில் வரும். ‘அது சரிங்க, சொந்த ஊரு?’ எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை இவர் கவனிப்பதில்லை. நம் பக்கம் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி இது. வேர் எதுவென்று கேட்டு ஒட்டிக்கொள்கிற வழி. நான்கு தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்து, அதன் குடியுரிமையை வரலாற்றோடு போராடி நிலைநிறுத்திக்கொண்ட ஒருவருக்கு அதே கேள்வி ‘நீ இந்த ஊர்க்காரன் இல்லையே’ என்று கேட்கிறது. மலேசிய மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 7 விழுக்காடு. 1816இல் பினாங் ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைக் கணக்கில் வைத்து 2016இல் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியவர்கள் அவர்கள். தமிழ் அவர்களுக்கு விட்டுவந்த ஊரின் மிச்சமாக இல்லை, இருக்கிற ஊரின் சொத்தாக இருக்கிறது. கேள்வியின் வால் சாதியை நோக்கி நீண்டுவிட்டால், அங்கே நட்பு முளைக்க இனி நெடுநாள் ஆகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மலேசியத் தமிழர் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பதைக் கேட்டு நெகிழ்ந்துபோகும் நம்மாள், அவர் அடுத்த வாக்கியத்தில் மலாயும் ஆங்கிலமும் ‘லா’வும் கலந்து பேசியதும் தமிழைத் திருத்தத் தொடங்குவார். திருத்துவதை அவர் அன்பு என்றே நினைக்கிறார். எதிரில் இருப்பவர் அதைத் திமிர் என்று வாங்கிக்கொள்கிறார். என் பார்வையில் இருவரில் கூடுதல் பொறுப்பு வந்தவருக்குத்தான்.

நடத்தைக்குக் காரணம் கற்பிப்பதில்தான் எல்லாம் முறிகிறது. ஒருவர் ஒன்றைச் செய்ததற்குச் சூழ்நிலையைப் பார்க்காமல் அவர் குணத்தைக் காரணமாகச் சொல்லும் பழக்கத்தை லீ ராஸ் 1977இல் அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டார். அது எல்லா மனிதருக்கும் பொது என்று அப்போது நம்பினார்கள். ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வில் சிகாகோ அமெரிக்கர்களையும் மைசூர் இந்துக்களையும் ஒப்பிட்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஒருவர் செய்த தவற்றுக்கு அமெரிக்கப் பெரியவர்கள் பெரும்பாலும் அவர் குணத்தைக் காரணம் காட்டினார்கள். மைசூர்க்காரர்கள் சூழ்நிலையையும் கடமைகளையும் உறவுகளையும் சொன்னார்கள். எட்டு வயதுக் குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. வயது ஏற ஏறத்தான் விரிந்தது. ஆக இது கற்றுக்கொண்டது.

அப்படியானால் தென்னிந்தியர்கள் வெளிநாட்டில் மற்றவரைச் சூழ்நிலையோடு சேர்த்துப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும். ஊரில் இருக்கும்வரை இருக்கிறோம், ஏனென்றால் அங்கே சூழ்நிலை நமக்குத் தெரியும். ‘கல்யாணத்துக்கு வராததற்குக் காரணம் மைத்துனரோடு இருக்கும் வழக்கு’ என்று சொல்ல மைத்துனரைத் தெரிந்திருக்க வேண்டும். கெலுகோரில் மைத்துனர் யாரென்று தெரியாது. தெரியாத இடத்தில் கைக்கு எட்டுவது ஒன்றுதான்: ‘இவங்க குணமே அப்படி.’ நபரின் குணம் இனத்தின் குணமாக வளர ஒரு தேநீர் நேரம் போதும்.

இதைச் சரிசெய்ய 1960களில் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஹாரி ட்ரையாண்டிஸ், ஃபிரெட் ஃபீட்லர் முதலியோர் ஒரு பயிற்சி முறை செய்தார்கள். ஒரு சிறு சம்பவம், அதற்கு நான்கு விளக்கங்கள். எது நமக்குச் சரியாகப் படுகிறது என்பதை விட்டு, அந்த ஊர்க்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்பார்கள். தவறாகச் சொன்னால் ஏன் தவறு என்று விளக்கி மறுபடி சம்பவத்துக்கே அனுப்புவார்கள். கெலுகோருக்கு நாமே ஒன்று எழுதிப் பார்க்கலாம். ஆய்வக உதவியாளரான மலாய்ப் பெண்மணியிடம் தமிழக ஆய்வு மாணவர் கேட்கிறார்: ‘காக் (அக்கா), வெள்ளிக்கிழமைக்குள் கருவி சரியாகிவிடுமா?’ அவர் லேசாகச் சிரித்து, ‘நந்தி தெங்கோக் லா’ (பிறகு பார்ப்போம்) என்கிறார். வெள்ளி வருகிறது, கருவி அப்படியே கிடக்கிறது. அவர் பொய் சொன்னாரா? சோம்பேறியா? கேள்வி புரியவில்லையா? அல்லது முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லி இவரைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று நினைத்தாரா, அதாவது பதில் அன்றைக்கே வந்துவிட்டதா?

நான்காவதைத்தான் உள்ளூர்க்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்று எண்ணுகிறேன். வேடிக்கை என்னவென்றால், இதே மாணவர் திருநெல்வேலியில் சித்தப்பாவிடம் பணம் கேட்டு, ‘பார்க்கலாம்ப்பா’ என்ற பதில் வந்திருந்தால் எழுந்து செருப்பை மாட்டியிருப்பார். மறுப்பை ‘பார்க்கலாம்’ ஆக்குவது நமக்கும் கைவந்த கலை. மலாய் மொழியில், வேறு முகத்தில், ஆய்வகத்தின் குளிரூட்டிய அறையில் வரும்போது அது நம் சித்தப்பாவின் சொல்தான் என்று அடையாளம் தெரிவதில்லை. இந்தப் பயிற்சி முறைக்கும் ஓர் ஆபத்து உண்டு: மலாய்க்காரர் என்றால் மறைமுகமாகத்தான் பேசுவார் என்று மனப்பாடம் செய்துகொண்டு, நேராகப் பேசும் மலாய்க்காரரையும் நம்பாமல் போவது.

கெல்ஃபாண்ட் 2011இல் 33 நாடுகளில் விதிகள் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்று அளந்தபோது, பாகிஸ்தானுக்கு அடுத்த இடம் மலேசியாவுக்கு (11.8), அதற்கடுத்து இந்தியாவுக்கு (11.0). கடைசியில் இருந்த உக்ரைனுக்கு 1.6. நாடு முழுவதற்கும் ஓர் எண் கொடுப்பதை நான் முழுசாக நம்புவதில்லை, மூன்று இனம் வாழும் நாட்டுக்கு இன்னும் கொஞ்சம் குறைவாக நம்புகிறேன். என்றாலும் ஒன்றைக் கவனிக்கலாம். இரண்டும் இறுக்கமான நாடுகள் என்றால், ‘இங்கே நடந்துகொள்ள ஒரு முறை உண்டு’ என்ற உணர்வு இரண்டு பக்கமும் பலமாக இருக்கும், முறைதான் வேறு. தளர்வான ஊரில் தப்பு செய்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். இறுக்கமான ஊர்க்காரர் இருவர் சந்திக்கும்போது இருவருமே தங்கள் முறை மீறப்பட்டதாக உணர்கிறார்கள். வழி காட்டக்கூட மலாய் வழக்கில் சுட்டுவிரலை நீட்டுவதில்லை, மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுகிறார்கள்.

எந்த முறையைக் கற்பது என்பதும் அங்கே நேர்கோடாக இல்லை. குடிபெயர்ந்தோர் உளவியலில் கனடாவின் ஜான் பெர்ரி தந்த வரைபடம் புகழ்பெற்றது. தன் பண்பாட்டைக் காப்பதா, வந்த ஊரோடு கலப்பதா என்ற இரண்டு கேள்விகளால் நான்கு வழிகளைப் பிரிக்கிறார்: இரண்டையும் வைத்துக்கொள்வது, கரைந்துவிடுவது, ஒதுங்கி வாழ்வது, இரண்டையும் இழப்பது. இரண்டையும் வைத்துக்கொள்பவர்களே பெரும்பாலும் நலமாக இருக்கிறார்கள் என்கிறார். கெலுகோரில் இரண்டாவது கேள்வி தடுக்கிவிடுகிறது. வந்த ஊர் என்றால் யாருடைய ஊர்? அலுவலக மேசையில் மலாய் முறை, சந்தைக் கடையில் சீனரின் ஹொக்கியென் முறை, கோவிலில் மலேசியத் தமிழ் முறை. அந்தக் கோவிலிலும் தைப்பூசத்தன்று காவடி எடுக்கும் சீனரைப் பார்க்கலாம். வரலாற்றில் இதற்கு அழகான விடை கண்டவர்கள் பினாங்கின் ஜாவி பெக்கான் மக்கள். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் அது. பெர்ரியின் நான்கு கட்டங்களில் எதிலும் அவர்களை அடக்கிவிட முடியாது. அதற்குத் தலைமுறைகள் ஆயின. மூன்று வருட ஆய்வு மாணவருக்கு அவ்வளவு நேரமில்லை.

அவருக்குப் பயன்படக்கூடியதாக ஆய்வுகள் காட்டுவது எளிமையானது, செய்ய மட்டும் கடினமானது. ஸ்டீபன் போக்னரும் ஏட்ரியன் ஃபர்னமும் எண்பதுகளில் வாதிட்டதுபோல் இது தானாகத் தேறும் நோய் இல்லை, பழகிக் கற்கும் திறன். கற்றுத்தர உள்ளூர் ஆள் வேண்டும். வெஸ்ட்வுட், பார்க்கர் ஆகியோரின் 1990ஆம் ஆண்டு ஆய்வில், உள்ளூர் மாணவர் ஒருவரோடு இணைத்துவிடப்பட்ட வெளிநாட்டு மாணவர்களிடம் தேர்ச்சி கூடுதலாகவும் படிப்பை விட்டுப்போவது குறைவாகவும் இருந்தன. சொந்த நாட்டவர் நட்பு மனத்துக்குத் தெம்பு தரும். வாடகைக்கு வீடு பிடிக்கவும் மளிகை வாங்கவும் உதவும். ஆனால் ஒரே வீட்டில் ஆறு தமிழகத்தார் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, இரவில் ‘இவங்க ஒரு மாதிரி’ என்று ஒருவருக்கொருவர் உறுதிசெய்துகொள்ளும்போது, அங்கே திருத்திச் சொல்ல ஆளே இல்லை. கெலுகோரில் தமிழருக்கு மிகத் தோதான ஆசான் மலேசியத் தமிழர்தான். மொழி உண்டு, மூன்று முறைகளுக்கும் நடுவே பிறந்ததிலிருந்து நடமாடிய அனுபவம் உண்டு. அவரை நம்மவர் என்று அணைத்துக்கொள்ளும் முன் அவரை மலேசியர் என்று ஏற்றுக்கொண்டால், அவர் சொல்லித் தருவார்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது இன்னொன்று காத்திருக்கிறது. ஜான், ஜீன் குல்லாஹார்ன் தம்பதி 1963இல் லிஸ்கார்டின் வளைகோட்டோடு இன்னொன்றைச் சேர்த்து அதை ‘டபிள்யூ’ ஆக்கினார்கள்: தாய்நாட்டுக்குத் திரும்பியவர்களும் ஒருமுறை சரிந்து எழுகிறார்கள். முதல் வளைகோட்டுக்குச் சொன்ன அதே ஆட்சேபம் இதற்கும் பொருந்தும். எல்லோரும் அந்தப் பாதையில் போவதில்லை. ஆனால் அருகாமையின் கணக்கு இங்கேயும் நிற்கிறது. சொந்த ஊரைவிட அருகான பண்பாடு ஒருவருக்கு வேறு எது? ஊகம் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு இறங்குகிறார். இதற்குள் ஊரும் மாறியிருக்கும், அவரும் மாறியிருப்பார். பேச்சில் ‘லா’ ஒட்டிக்கொண்டிருக்கும், வழி காட்டக் கட்டைவிரல் நீளும், கடைக்காரர் முறைத்தால் இவருக்குச் சுருக்கென்று இருக்கும். வெளிநாட்டு மாணவர் வந்து இறங்கினால் எந்தப் பல்கலைக்கழகமும் வழிகாட்டுக் கூட்டம் நடத்துகிறது. திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறவருக்கு அப்படி யாரும் நடத்துவதில்லை.